பதினாறு நாள் நெட்வொர்க் பிரச்சினை

தேவசகாயம் சார் போய்விட்டார் என்ற செய்தி, தாம்பரம் மார்க்கெட்டில் நான் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது வந்தது. எங்கள் பழைய ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். அடுத்த சில நிமிடங்களில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. நான் ஒன்றும் போடவில்லை. "இன்னாம்மா, வேணுமா வேணாமா?" என்று காய்க்காரம்மா கேட்ட பிறகுதான் கையில் இருந்ததைத் தராசில் வைத்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஐந்து வருடக் கோபம். ஆள் போன பிறகும் அது குறைந்தபாடில்லை.

குழுவின் செய்திமடலுக்கு என்னிடம்தான் கேட்டார்கள். "நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க மேடம். அவரு வீட்டு மாடியில அத்தனை வருஷம் இருந்தவங்க நீங்க." எழுதுகிறேன். அவரை அறிந்த நீங்கள் எல்லாரும் அவரை நல்லவர் என்கிறீர்கள். நல்லவர்தான். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அவர் எதை அழிய விட்டார் என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாது.

அவர் வேதியியல், நான் தாவரவியல். பொழிச்சலூரில் அவருடைய வீட்டு மாடியில் ஏழு வருடம் குடியிருந்தேன். கீழே அவரும் அவர் மனைவி லில்லி அக்காவும். ஆய்வகத்தில் அவருடைய கெடுபிடி உங்களுக்கு நினைவிருக்கும். ரஃப் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு ரெக்கார்ட் நோட்டில் பார்த்து எழுதும் மாணவன் கையில் கிடைத்தால், ரஃப் நோட்டைப் பிடுங்கிக் கிழித்துப்போடுவார். "ரெண்டு எடத்துல எழுதினா ரெண்டுமே தப்பாத்தாம்பா இருக்கும்" என்பார். ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். நானும் சிரித்தவள்தான்.

அந்த நாட்களில் நான் ஒரு புத்தகத்துக்காக அலைந்துகொண்டிருந்தேன். தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளில் வளரும் செடிகளைப் பற்றியது. நான்கு வருடம், விடுமுறை தவறாமல், முழங்கால் சேற்றில் நின்று எடுத்த படங்கள். ஒவ்வொரு செடிக்கும் பூத்த மாதம், காய்த்த மாதம், அங்கே மாடு மேய்ப்பவர்கள் அதற்கு வைத்திருந்த பெயர். என் லேப்டாப்பில் இடம் போதவில்லை. "கீழ என் சிஸ்டத்துல போடுங்க மேடம். வைஃபை ஒண்ணுதானே, மேல உக்காந்துகிட்டே திறந்து பாத்துக்கலாம்" என்றார் சார். அவரே எல்லாவற்றையும் தம் கம்ப்யூட்டருக்கு மாற்றி, ஃபோல்டரை ஷேர் செய்து கொடுத்தார். பிறகு என் லேப்டாப்பில் இருந்ததை அவர் கையாலேயே அழித்தார். "ஏன் சார், இங்கயும் ஒண்ணு இருக்கட்டுமே" என்றேன். "ரெண்டு காப்பி வேணாம் மேடம், எதுல திருத்தினோம்னு குழம்பிடும்" என்றார். அதற்குத் தலையாட்டிய என் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. புத்தகம் முடியும் தறுவாயில் ஒரு திங்கட்கிழமை காலை ஃபோல்டர் திறக்கவில்லை. ஃபோல்டர் என்ன, அவருடைய கம்ப்யூட்டரே என் திரையில் தெரியவில்லை. மாடிப்படியில் நின்று கூப்பிட்டேன். கீழேயிருந்து அவர் முகத்தைக் காட்டாமலே, "நெட்வொர்க் பிரச்சினை மேடம், பாத்துடலாம்" என்றார்.

பார்த்தார். பதினாறு நாள் பார்த்தார். முதல் நாள் ரவுட்டரை அணைத்துப் போட்டார். மறுநாள் இரண்டு கம்ப்யூட்டர்களும் ஒரே குழுவில் இல்லை என்று பெயர்களை மாற்றினார். அப்புறம் பாஸ்வேர்டு, அப்புறம் ஃபயர்வால். ஒரு முழு நாள் ரவுட்டரைக் கூடத்திலிருந்து கழற்றி மாடிப்படி வளைவில் ஆணியடித்து மாட்டினார். ஸ்டூலின் மேல் அவர் நிற்க, நான் கீழே பிடித்துக்கொண்டேன். "இப்ப தெரியுதா மேடம்?" "இல்ல சார்." "இப்ப?" "இல்ல சார்." வேர்வை சொட்டச் சொட்ட எனக்காக உழைக்கிறாரே என்று நான் காபி போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் காபியை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஆளைக் கூப்பிடலாம் என்றேன். "வெளி ஆள் எதுக்கு மேடம், நானே பாத்துக்கறேன்" என்று தட்டிக் கழித்துக்கொண்டே வந்தார். பொறுத்துப் பார்த்துவிட்டு, பதினாறாம் நாள் குரோம்பேட்டையிலிருந்து பாஷா பாயைக் கையோடு அழைத்துவந்தேன். லில்லி அக்கா ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தார். பாய் பத்து நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"லைன்லாம் ஜம்முனு கீது மேடம். யாரோ ஷேரிங்கை ஆஃப் பண்ணி வெச்சிகிறாங்க, அவ்ளோதான். ஆன் பண்ணிட்டேன். ஆனா நீங்க சொல்ற ஃபோல்டரே இதுல இல்லியே."

நான் சாரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

பாய் கேட்கக் கேட்க, நடந்ததைச் சார் ஒவ்வொன்றாகச் சொன்னார். குரோம்பேட்டை அச்சுக் கடையில் என் புத்தகத்துக்கு மாதிரி எடுத்துப் பார்ப்பதற்காக ஃபோல்டரைப் பென் டிரைவில் ஏற்றியிருக்கிறார். ஏற்றியது ஃபோல்டரை அல்ல, திரையில் இருந்த அதன் ஷார்ட்கட்டை. ஷார்ட்கட் என்பது வீட்டுக்கு வழி காட்டும் பலகை, வீடு அல்ல. தம் கம்ப்யூட்டரிலேயே அதைத் திறந்து பார்த்திருக்கிறார். படங்கள் எல்லாம் வந்திருக்கின்றன, அசல் பக்கத்திலேயே இருந்ததால். சரி, இப்போது இரண்டு காப்பி ஆகிவிட்டது. அவருக்குத்தான் இரண்டு ஆகாதே! இனி பென் டிரைவையே செருகி ஷேர் செய்துகொள்ளலாம் என்று அசலை அழித்துவிட்டார், குப்பைத்தொட்டியில்கூடத் தங்காதபடி. கடையில் செருகிப் பார்த்தபோது உள்ளே ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து முதல் வேலையாக ஷேரிங்கை அணைத்திருக்கிறார். கம்ப்யூட்டரே தெரியாவிட்டால் ஃபோல்டர் இல்லாததும் தெரியாது அல்லவா?

கை தவறுவது யாருக்கும் நடக்கும். அதற்காக ஒரு மனிதரை ஐந்து வருடம் வெறுப்பவள் அல்ல நான். பாய் கிளம்பும்போது சொன்னதுதான் என்னைக் கொன்றது. "அழிஞ்ச அன்னிக்கே மிஷினை ஆஃப் பண்ணி எடுத்துகினு வந்திருந்தா முக்காவாசி எடுத்துக் குட்த்திருப்பேன் மேடம். அது மேல நெறைய ஏத்திக்கிறீங்களே, இப்ப ஒண்ணும் தேறாது." ஏற்றியிருந்தது ஞாயிறு ஆராதனை வீடியோக்கள். அந்தப் பதினாறு நாளும் சார் அவற்றை விடாமல் இறக்கிக்கொண்டிருந்தார். என் படங்கள் இருந்த இடத்தில் எல்லாம் வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டது.

"ஏன் சார் சொல்லல?" என்று கேட்டேன். "நீங்க என்னை அவ்ளோ நம்புனீங்க மேடம். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு தள்ளிப்போட்டேன்" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. மாதம் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்துகொண்டு சேலையூருக்கு வந்துவிட்டேன். நான் படம் எடுத்த கரைகள் பலவற்றில் இப்போது சுற்றுச்சுவர் எழும்பிவிட்டது. மாடு மேய்த்தவர்கள் எங்கே போனார்களோ தெரியாது. அந்தப் புத்தகம் இனி வராது. அதை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

அடக்கத்துக்குப் போனேன். லில்லி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "மேல நெட்டு சரியா வரலன்னுதானே நீங்க காலி பண்ணீங்க? ஒரு நல்ல ரவுட்டரா வாங்கி மாட்டியிருந்தா மேடம் இங்கயே இருந்திருப்பாங்களேன்னு அவரை நான் திட்டாத நாளே இல்லம்மா" என்றார். மனைவியிடமும் அதையேதான் சொல்லிவைத்திருக்கிறார். கூடத்தில் சவப்பெட்டி, சுற்றிலும் சொந்தக்காரர்கள். என் வாய் தானாகத் திறந்தது. "ஆமாக்கா, மேல சிக்னல் கிடைக்கல."

வீட்டுக்கு வந்தும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. நாளைக்குப் போய்ச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நானும் ஒரு வாரம் தள்ளினேன். எட்டாம் நாள் பொழிச்சலூருக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இதை எழுதப்போவதையும் சொன்னேன். அவர் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு, "அந்த ரெண்டு வாரமும் அவரு சரியாவே சாப்பிடலம்மா. சுகர் ஏறிடுச்சோன்னு நான் டாக்டர்கிட்ட இழுத்துகிட்டுப் போனேன்" என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, "எழுதுங்க. ரவுட்டர் மேல பழி வேணாம்" என்றார்.

சாப்பிடாமல் இருந்தாராம். அது எனக்கு ஆறுதலாக இல்லை. பட்டினி கிடந்ததற்குப் பதில் மாடிப்படி ஏறி வந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம்.

தேவசகாயம் சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வாரம். பொய் சொல்வது எவ்வளவு சுலபம், மறுநாள் அதைத் திருத்துவது எவ்வளவு கஷ்டம் என்று ஏழு நாளில் எனக்குக் காட்டிவிட்டார். அவரைப் புரிந்துகொண்டேன். மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதினால், அதுவும் மாடியில் சிக்னல் கிடைக்கவில்லை என்று சொன்ன மாதிரிதான்.