காக்காய்க்கடி

எண்பத்து நாலில், திண்டிவனத்து வேர்க்கடலைக் கொல்லைகளில் மல்லாட்டை ஆய்ந்து பிழைத்த லூர்துமேரிக்கு மார்புக் கட்டியை அறுத்தெடுத்த பட்டணத்து ஆஸ்பத்திரியில், தினம் போட ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அது போட்டால் கட்டி திரும்ப வராமல் இருக்கிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சி.

அந்த வருஷமே நாத்தனார் பூமாலையின் மார்பிலும் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. ஆம்பளை டாக்டர் முன்னால் ரவிக்கையைக் கழற்ற மாட்டேன் என்று அழுதாள். பாழாய்ப்போன வெட்கம்! கஞ்சியைக்கூடப் பங்கிட்டுக் குடித்தவர்கள் இருவரும். லூர்துமேரி மாத்திரையை முந்தானையில் சுற்றி, காக்காய்க்கடி கடித்து, தினமும் பாதியை அவளுக்குக் கொடுத்தாள்.

மூன்றாம் வருஷம் பூமாலையைப் புதைத்தார்கள். அடுத்த மாதம் லூர்துமேரியைச் சோதித்த டாக்டர் சிரித்தார்.

"கட்டி சின்னதா இருக்கும்போதே நீ வந்துட்டம்மா, அதான் பொழைச்ச."

"அவளுதும் சின்னதாத்தாங்க இருந்துச்சு."