பெட்டி வெள்ளவத்தையில், லென்ஸ் கொட்டாஞ்சேனையில்

என் வீட்டு ஹோலில் தொங்கும் குடும்பப் படத்தில் எனக்கு இரண்டு தலை. ஒன்று பல்லைக் காட்டிச் சிரிக்கிறது. மற்றது மாடிப்படிப் பக்கம் திரும்பி முறைக்கிறது. பக்கத்தில் நிற்கும் அக்காவுக்கு நான்கு கை. படம் மூன்றடி நீளம், ஓரடி உயரம். முதன்முதலாக வருகிறவர்கள் தேநீர்க் கோப்பையோடு எழுந்துபோய் அதன் முன்னால் நின்றுவிடுவார்கள். "எடுத்தவர் குடிச்சிருந்தவரோ?" என்று ஒருவர் கேட்டே விட்டார். இல்லை ஐயா, எடுத்தவர்கள் இரண்டு பேர். குடிக்கவில்லை, சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் என் அத்தான், அதாவது அக்காவின் கணவர். மற்றவர் கொட்டாஞ்சேனையில் இரும்புக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், எங்களுக்கு நானா, அதாவது அண்ணன். வெளியே போனால் நாலு பேர் மதிக்கிற மனிதர்கள்தான். ஆனால் புறக்கோட்டையில் ஒரு பழைய கமராக் கடையில், ஒரே நாளில், ஒரே கமராவின் மேல் இருவரும் கை வைத்திருக்கிறார்கள். கடலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரே படத்தில் அடக்கும் நீளப்படக் கமரா அது. கையை எடுக்க இருவருக்கும் மனமில்லை. கடைசியில் கூட்டாக வாங்கிக்கொண்டு ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். பெட்டி வெள்ளவத்தையில் அத்தானிடம் இருக்கும், லென்ஸ் கொட்டாஞ்சேனையில் நானாவிடம் இருக்கும். ஒருவரை விட்டு மற்றவர் ஒரு படம்கூட எடுக்க முடியாது. "என்னைக் கட்டேக்குள்ள கூட இந்தாள் இவ்வளவு யோசிக்கேல்லை" என்று அக்கா சொல்லுவாள்.

நானா அந்த லென்ஸைக் குழந்தைப்பிள்ளைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். "லென்ஸ் வருது" என்று அத்தான் அறிவித்தால் அக்கா கேத்திலை அடுப்பில் வைக்க வேண்டும். வேலைப் பங்கீடும் உடைமைப்படிதான். லென்ஸோடு சேர்ந்த விசையை அழுத்துவது நானா. பெட்டிக்குள் இருக்கும் பிலிம் சுருளை அடுத்த படத்துக்குச் சுற்றுவது அத்தான். ஒரு சுருளில் நாலே நாலு படம். அந்தச் சுருளும் கொழும்பில் லேசில் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரரிடம் மற்றவர்கள் சொக்லேட் கேட்பார்கள், அத்தான் பிலிம் கேட்பார்.

ஒருநாள் வெள்ளவத்தைக் கடற்கரையில், ரயில் பாதையோரம் முக்காலியை விரித்துவிட்டு, ஒரு முகில் விலகுவதற்காக ஒன்றரை மணித்தியாலம் நின்றார்கள். நானும் வேலைமினக்கெட்டுக் கூட நின்றேன். சந்தேகப்பட்டு வந்த பொலிஸ்காரர் என்ன எடுக்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்க, "முஹுத, சேர்" என்று அத்தான் பணிவாகக் கடலைக் காட்டினார். அந்த மனிதர் தன் போனை எடுத்து, இடமிருந்து வலம் ஒரு சுழற்றுச் சுழற்றி, முழுக் கடலையும் மூன்று செக்கனில் பிடித்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அன்று மத்தியானம் அத்தான் சாப்பிடவில்லை.

இந்த இரண்டு பேரையும் நம்பித்தான் அம்மா தன் கடைசி ஆசையைச் சொன்னார் என்றால், எங்கள் குடும்பத்தின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அம்மாவுக்கு நாங்கள் நாலு பிள்ளைகள்: பெரியண்ணா, அக்கா, சின்னண்ணா, கடைக்குட்டிப் பெண் நான். அப்பா இறந்தபோது லண்டனிலிருந்து வரவேண்டிய பெரியண்ணாவின் விமானம் பிந்திவிட்டது. மூத்தவன் வைக்கவேண்டிய கொள்ளியை, இனியும் வைத்திருக்க ஏலாது என்று சின்னண்ணா வைத்துவிட்டான். அன்றிலிருந்து இருவரும் பேசுவதில்லை. அக்காவின் மகளுடைய கலியாணத்துக்கு இருவரும் வந்தார்கள். ஒருவர் ஹோலில் இருந்தால் மற்றவர் அறைக்குள் இருந்தார். அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அத்தானைக் கூப்பிட்டார்.

"தம்பி, உம்மடை நீட்டுக் கமராவிலை என்ரை நாலு பிள்ளையளும் ஒண்டா நிக்கவேணும். அந்தச் சுவரிலை கொழுவவேணும். வேறை ஒண்டும் நான் கேக்கேல்லை."

அத்தான் இரண்டு பேரிடமும் மாறி மாறிக் கெஞ்சினார். அவன் நின்றால் நான் வரமாட்டேன் என்பதே இரண்டு பக்கமும் கிடைத்த பதில். அப்படியென்றால் தனித்தனியாக எடுப்போம் என்று அத்தான் முடிவு செய்தார். சுருளில் மிச்சம் இருந்தது சரியாக இரண்டு படம். பெரியண்ணா லண்டனிலிருந்து பிலிம் கொண்டுவந்திருந்தார்தான், ஆனால் சின்னக் கமராவுக்குப் போடுகிற சுருள். "அது ரெண்டு படமெல்லே தம்பி" என்றார் அம்மா. பிறகு எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு ஏறிவந்து, கதிரையில் கல்லாக இருந்துவிட்டார்.

மாடியின் இரு அந்தத்திலும் இரண்டு கறுப்புத் தண்ணீர்த் தாங்கிகள். அவை கடலின் அழகைக் கெடுக்கின்றன என்று அத்தானுக்கு ஒரே அரியண்டம். இரண்டு படத்துக்கும் அக்காவும் நானும் நடுவில், அம்மாவின் கதிரையோரம் நின்றோம். பெரியண்ணா இடது தாங்கியின் முன்னால் நின்றார். நானா விசையை அழுத்தினார். பெரியண்ணா இறங்கிப்போக, சின்னண்ணா ஏறிவந்தான். "அவர் நிண்ட இடத்திலை நான் நிக்கமாட்டன்" என்று சொல்லி வலது தாங்கியின் முன்னால் போய் நின்றுகொண்டான். இந்த இடைவெளியில் முகில் ஒன்று வந்துவிட்டது. லென்ஸின் வாயை இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டும் என்றார் நானா, தேவையே இல்லை என்றார் அத்தான். கையை ஆட்டி ஆட்டிப் பத்து நிமிடம் வாக்குவாதம். நான் பொறுமையிழந்து, மாடிப்படிப் பக்கம் நின்ற அத்தானை முறைத்து, "எடுத்துத் துலையுங்கோ!" என்று கத்தினேன். நானா அழுத்தினார்.

பிலிம் கழுவுவது கொட்டாஞ்சேனையில், நானாவின் குளியலறையில். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் குளிக்க முடியாது. மறுநாள் பின்னேரம் போன் வந்தது. அத்தான் ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சான், மூணு படந்தான் ஈக்கி. நாலாவது வெறும் வெள்ள."

அத்தானின் முகம் செத்துப்போயிற்று. சண்டை மும்முரத்தில் சுருளைச் சுற்ற மறந்திருக்கிறார். சுற்றாவிட்டால் அடுத்த படமும் முந்தின படத்தின் மேலேயே விழும். "சுத்துறது ஒங்கட வேல!" என்று நானா போனில் கத்த, "சண்டையைத் துவக்கினது ஆர்?" என்று அத்தான் திருப்பிக் கத்தினார். அம்மாவிடம் யார் போய்ச் சொல்வது என்பதில் இன்னொரு சண்டை.

இரண்டு நாள் கழித்து, பெரிதாகப் பிரதி எடுத்த படத்தோடு இருவரும் அம்மாவின் முன்னால் குற்றவாளிகளைப்போல் நின்றார்கள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை மடியில் விரித்தார். எனக்கு இரண்டு தலை, அக்காவுக்கு நான்கு கை. அசையாமல் இருந்த அம்மா மட்டும் கோபம் குறையாமல் தெளிவாக விழுந்திருந்தார். அம்மா எங்களைப் பார்க்கவே இல்லை. விரலால் இடது ஓரத்தைத் தொட்டார். கறுப்புத் தாங்கியின் முன்னால் பெரியண்ணா. மெதுவாக விரலை நகர்த்தி வலது ஓரத்தைத் தொட்டார். கறுப்புத் தாங்கியின் முன்னால் சின்னண்ணா. கறுப்பின் முன்னால் நின்றதால்தான் இருவரும் கலங்காமல் விழுந்தார்களாம், வானத்தின் முன்னால் நின்றிருந்தால் கரைந்தே போயிருப்பார்களாம். இது நானா பிறகு தந்த விளக்கம்.

"ரெண்டு பேரும் நிக்கினம்" என்று சொல்லி அம்மா அழுதார். நாங்களும் அழுதோம்.

அதற்குப் பிறகு கதை தலைகீழ். "சுத்தாமல் விட்டது நானெல்லோ" என்று அத்தான் சபையில் பெருமை பேசினார். "சண்ட பிடிச்சது நாந்தானே" என்று நானா பங்கு கேட்டார். அண்ணாமார் இன்னமும் பேசுவதில்லை. ஆனால் இருவரும் தனித்தனியாக, மற்றவருக்குச் சொல்லாதே என்று சொல்லி, என்னிடம் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அம்மா போய்விட்டார். அத்தானும் அக்காவும் இப்போது கனடாவில் மகளோடு. பெட்டியும் அவர்களோடு கனடாவுக்குப் போய்விட்டது. லென்ஸ் கொட்டாஞ்சேனையில் இருக்கிறது. விட்டுக்கொடுக்கச் சொன்னால் இரண்டு கிழவரும் கேட்பதாயில்லை.

போன கிழமை நானா வந்தார். தேநீரோடு எழுந்துபோய்ப் படத்தின் முன்னால் நின்றார்.

"தங்கச்சி, இப்ப கம்பியூட்டர்ல ஒரு தலய எடுத்துரலாம். வடிவா வரும்" என்றார்.

படம் வந்த அன்றும் இப்படித்தான் கேட்டார். புதுச் சுருள் ஒன்று கிடைத்திருக்கிறது, அண்ணாமார் போக இன்னும் நாலு நாள் இருக்கிறது, இந்த முறை ஒழுங்காக எடுத்துத் தருகிறோம் என்று இருவரும் அம்மாவிடம் கெஞ்சினார்கள். அன்று அம்மா சொன்னதைத்தான் நானும் நானாவுக்குச் சொன்னேன்.

"வேண்டாம். நீங்கள் ஒழுங்கா எடுத்தால் ஒரு பிள்ளை குறைஞ்சு போகும்."