விளக்கு வைக்கும் நேரத்து நல்ல சேதி

எங்கள் வீட்டில் விளக்கு வைக்கும் நேரத்தில் யாரும் கெட்டது பேசக் கூடாது. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்லக் கூடாது. தலை வலிக்கிறது என்று சொல்லக் கூடாது. சொந்தத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் அந்தப் பேச்சு விளக்கு அமர்ந்த பிறகுதான். வாசல் கதவு விரியத் திறந்திருக்க வேண்டும், லட்சுமி வருகிற நேரமாம். திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு லட்சுமி வந்தாளோ இல்லையோ, கொசு தவறாமல் வந்தது. அம்மா மட்டும் அசைந்து கொடுக்கவே மாட்டாள்.

விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்த என் தங்கச்சி முன்பெல்லாம் நேரங்காலம் பார்க்காமல் போன் செய்வாள். குக்கர் விசில் பின்னால் கேட்கும். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, இன்றைக்குத் தட்டைத் தூக்கி அடித்தார், நேற்று முடியைப் பிடித்து இழுத்தார் என்று சொல்லுவாள். பிறகு அவள் வீட்டுக்காரனே அவளை ஒரு தியான வகுப்பில் சேர்த்துவிட்டான். எப்போது பார்த்தாலும் நெகட்டிவாகவே பேசுகிறாளாம், தன்னம்பிக்கையே இல்லையாம். சொன்னது யார் என்று பாருங்கள்.

அதிலிருந்து அவள் போன் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாறியது. அம்மா ஸ்பீக்கரில் போட்டு விளக்குப் பக்கத்தில் வைப்பாள். "நல்லா இருக்கேம்மா. மனசு லேசா இருக்கு. அவரு ரொம்ப மாறிக்கினு வர்றாரு." அம்மா விளக்கைப் பார்த்துக் கும்பிடுவாள். நான் போன் பக்கம் காதைச் சாய்ப்பேன். அவள் பேசி நிறுத்துகிற இடத்தில் பக்கத்திலிருந்து இன்னொருவர் மூச்சு விடுவது கேட்கும்.

வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்குக் கருநாக்கு. நான் சொன்ன கெட்டது பலித்துவிடும் என்பது எங்கள் சொந்தக்காரர்களின் முடிவு. சின்ன வயதில் ஒருநாள் சோறு தின்றுகொண்டிருந்தபோது, அப்பா முகம் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டேன். மறுநாள் கழனியில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. பிரம்மதேசத்து அத்தை சாவு வீட்டில் அத்தனை பேர் நடுவில் என் கன்னத்தில் இடித்து, "இந்தக் கருநாக்குதான் என் தம்பிய முழுங்கிடுச்சு" என்றாள். பெண் பார்க்க வந்தவர்கள் காதுக்கும் அது போனது. கல்யாணம் தள்ளிப் போய்த் தள்ளிப் போய் அப்படியே நின்றுவிட்டது. வேலை பார்க்கிற மெடிக்கல் ஷாப்பில் தேதி முடிந்த மாத்திரை அட்டை கண்ணில் பட்டால்கூட முதலாளியிடம் சொல்லாமல் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்வேன். அவ்வளவுதான் நான்.

தங்கச்சிதான் போனில் என்னையும் தியானத்தில் இழுத்துவிட்டாள். உனக்குத்தான் எப்போதும் கெட்டதே தோன்றும், நீயும் போய் உட்கார் என்றாள். திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் விடியற்காலையில் வகுப்பு. கண்ணை மூடினால் கீழே சாம்பார் தாளிக்கிற வாசனை வரும், மனம் போய்ப் பந்தியில் உட்கார்ந்துகொள்ளும். சொல்லிக்கொடுத்தவள் என்னைவிடச் சின்னவள், ஸ்கூட்டியில் வருவாள். எனக்குள் ஓடுகிற எண்ணங்களை எப்படி விரட்டுவது என்று அவளிடம் கேட்டேன். "விரட்டாதீங்க. அது யாரு குரல்ல பேசுதுன்னு மட்டும் பாருங்க" என்றாள்.

உட்கார்ந்து பார்த்தேன். உன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்றது அத்தையின் குரல். நீ என்ன பெரிய டாக்டரா என்றது முதலாளியின் குரல். உன் முகத்துக்கு எவன் வருவான் என்றது, பெண் பார்க்க வந்த ஒருத்தியின் குரல். ஒன்றுகூட என் குரல் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை வருஷம் ஊரார் குரலையெல்லாம் உள்ளே உட்கார வைத்து வடித்துக் கொட்டியிருக்கிறேன். அடுத்த வாரம் தேதி முடிந்த அட்டைகளை முதலாளி மேஜையில் போட்டு, இதை விற்கக் கூடாது என்றேன். அவர் "ம்" என்றார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

ஆனால் தங்கச்சியை நினைத்து வருகிற பயம் மட்டும் யார் குரலிலும் வரவில்லை. எத்தனை முறை உட்கார்ந்து பார்த்தாலும் அது என்னுடையதாகவே இருந்தது.

தங்கச்சியின் தியானம் ஒரு மண்டலம் முடிகிறவரை வீட்டுக்கு யாரும் வரக் கூடாது என்று அவள் வீட்டுக்காரன் சொல்லியிருந்தான். விரதம் என்றால் அம்மா மறுபேச்சுப் பேச மாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். மண்டலம் முடிகிற நாளில் எடுத்துப் போக அம்மா மல்லாட்டை, வேர்க்கடலைதான், வறுத்துத் தூக்குவாளியில் போட்டு வைத்திருந்தாள். அன்று விளக்கு நேரத்தில் போன் வந்தது. ரெண்டாவது மண்டலம் ஆரம்பிக்கிறோம், இப்போது யாரும் வர வேண்டாம் என்றாள் தங்கச்சி. நல்லதுதானே என்றாள் அம்மா. வாசல் கதவு திறந்து கிடந்தது, என் வாய் மூடியிருந்தது.

மறுநாள் காலை வகுப்பில் பாதியில் எழுந்தேன். அம்மாவிடமும் சொல்லாமல் விழுப்புரம் பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் அத்தையின் குரல், நீ கால் வைத்த இடம் விளங்காது, திரும்பிப் போ என்று சொல்லிக்கொண்டே வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் போன் பேசுவதைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரயில் பாதையைத் தாண்டி, கருவேலம் மண்டிய மனைகளுக்கு நடுவில் அவள் வீடு. பக்கத்தில் புதுவீடு ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். கிரில் கதவில் வெளியே பூட்டுத் தொங்கியது. வீட்டில் யாரும் இல்லை போலிருக்கிறது என்று திரும்பும்போது ஊதுபத்தி வாசனை வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பட்டப்பகலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு எதிரே பாயில் சம்மணம் போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள் என் தங்கச்சி.

கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தவள் முதலில் என்னைப் பார்க்கவில்லை, பூட்டைத்தான் பார்த்தாள். அவர் வருகிற நேரம், போய்விடு என்றாள். தியானத்துக்குத் தொந்தரவு கூடாது என்று பூட்டிவிட்டுப் போகிறாராம். போன் அவனிடம் இருக்கிறதாம், சாயங்காலம் பேசுவதற்கு மட்டும் தருவானாம். இதையெல்லாம் சிரித்த முகமாகச் சொன்னாள். வலது கை மட்டும் மடியை விட்டு எழவில்லை. மணிக்கட்டு வீங்கிக் கறுத்திருந்தது.

"நெகட்டிவா எதுவும் சொல்லாதக்கா" என்றாள்.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. என் கருநாக்கால் சொன்னேன். "இங்க இருந்தா நீ செத்துப் போயிடுவ."

அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு உதடு கோணியது.

"தெரியும்க்கா. எனக்கும் தினம் அதான் தோணுது. நெகட்டிவ், நெகட்டிவ்னு மாத்தி மாத்திச் சொல்லிக்கினு இருக்கேன்."

பக்கத்து வீட்டு வேலையில் இருந்த மேஸ்திரியிடம் ஓடினேன். பூட்டைக் காட்டினேன், அவர் கடப்பாரையோடு வந்தார். பூட்டு தெறித்தது. அந்த அவசரத்திலும் தங்கச்சி விளக்கை மலையேற்றிவிட்டுத்தான் செருப்புப் போட்டாள். பஸ்ஸில் திண்டிவனம் வரைக்கும் பின்கண்ணாடியையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கைக்கு மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. புகார் கொடுத்திருக்கிறோம். அவன் வரவில்லை, திட்டவும் இல்லை. தினமும் காலையில் என் போனுக்குத் தாமரைப்பூப் படம் அனுப்பினான், கீழே 'எல்லாம் நல்லதே நடக்கும்' என்று எழுதியிருக்கும். இன்றைக்குக் காலையில் அது வரவில்லை.

சாயங்காலம் அம்மா விளக்கு ஏற்றினாள், வழக்கம்போல வாசல் கதவை விரியத் திறந்து வைத்தாள். தங்கச்சி சுவரோரம் ஒண்டி உட்கார்ந்திருந்தாள். அம்மா விளக்கைக் கும்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு இன்னாடி தோணுது? சொல்லு."

என் வயதுக்கு அவள் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. கண்ணை மூடி, பேசுவது யார் குரல் என்று பார்த்தேன். என் குரல்தான்.

"அவன் இன்னைக்கு வருவாம்மா."

வாயைக் கழுவு என்று அம்மா சொல்லவில்லை. எழுந்து போய், விளக்கு எரியும்போதே, வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.