பசைக்காரர் கழுவிய புட்டிகள்

எங்கள் பல்கலைக்கழக ஆய்வகத்தில் அவரைப் பசைக்காரர் என்போம்; நான் மட்டும் அண்ணன் என்று கூப்பிடுவேன். அறுவைக் காயத்தைத் தையலில்லாமல் ஒட்டும் பசையை ஆறு வருடம் கலந்து கலந்து பார்த்துப் பதம் பிடித்தவர் அவர்தான். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றார் பேராசிரியர். அண்ணன் வீட்டில்கூட விடவில்லை.

"அப்படி என்னதான் வேலை பாக்கிறீங்க?" என்று அவர் மனைவி, அதாவது அண்ணி, கேட்டால், "புட்டி கழுவுறேன்" என்பார்.

"இங்க ஒரு டம்ளர் கழுவக் காணோம்" என்று அவள் சிரிப்பாளாம்.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து அண்ணி போய்விட்டாள். அதற்கு மூன்றாம் வாரம் விண்ணப்பம் தாக்கலானது.

"அண்ணே, இனிமே யார்கிட்ட வேணாலும் சொல்லலாம்!" என்று துள்ளினேன். என் வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம்.

அவர் தொட்டியில் கிடந்த புட்டிகளைக் கழுவத் தொடங்கினார்.