மூன்றாவது டேக்

என் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து சினிமா பார்ப்பதைவிடப் பல் பிடுங்கிக்கொள்வது மேல். அங்கேயாவது மரத்துப்போக ஊசி போடுவார்கள். தியேட்டரில் விளக்கு அணைந்து ஐந்து நிமிடம் ஆகாது, என் காதோரம் ஆரம்பித்துவிடுவார். "அந்த டம்ளரைப் பாரு, உள்ள ஒண்ணுமே இல்ல. சூடா காபி இருந்தா யாராவது அப்படி ஆட்டுவாங்களா?" மழைக் காட்சி வந்தால், "பின்னாடி போற பஸ் மேல ஒரு சொட்டுகூட விழல பாரு." கதாநாயகன் கார் ஓட்டிக்கொண்டே பக்கத்தில் இருப்பவளின் முகத்தைப் பத்து விநாடி பார்த்துவிட்டால் போச்சு. "டேய், ரோட்டைப் பாருடா!" என்று வாய்விட்டே கத்துவார். முன்வரிசை மொத்தமும் திரும்பி முறைக்கும். நான் கைப்பையால் முகத்தை மறைத்துக்கொள்வேன்.

தெருவில் அவருக்கு 'சென்சார்' என்று பெயர். தபால்காரர்கூட "சென்சார் வீடுதானே?" என்று கேட்டுத்தான் தபாலைக் கொடுப்பார். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். இவரோ பட்டம் வாங்கிய மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார்.

அதற்காக அவருக்குச் சினிமா பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். பைத்தியம். எந்தப் படத்தையும் குறைந்தது இரண்டு தடவை பார்ப்பார். முதல் தடவை கதைக்கு, அடுத்த தடவை கேமரா எங்கே நின்றிருக்கும் என்று கண்டுபிடிக்க. பேய்ப்படங்களில் வயலின் அலறுவது அவருக்கு ஆகவே ஆகாது. "இப்ப பயப்படு, இப்ப பயப்படுன்னு இவன் எதுக்கு நமக்குச் சொல்லணும்? நிஜமா பயந்தவனுக்குக் காதே கேக்காது" என்பார். நான் சிரிப்பேன். சிரித்த வாயை நானே அடித்துக்கொள்ளும் நாள் வரும் என்று அப்போது தெரியவில்லை.

அவருக்கு வேலை, ஒரு விளையாட்டுச் சங்கத்தில் நீச்சல்குளத்துக் காவலர். பதினேழு வருடம் ஆகிறது. விடிந்ததும் போய்ச் சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்து விட்டு நிறம் பார்ப்பார். நீளக்கம்பு வலையால் இலையையும் பூச்சியையும் அள்ளுவார். குளத்துச் சுவரை ஓடு ஓடாகத் தேய்ப்பார். அவர் சட்டையை எத்தனை தடவை துவைத்தாலும் குளோரின் வாடை போகாது. அங்கே யார் குளித்தாலும் கரையில் இவர் கண்கொத்திப் பாம்பாக நிற்பார். எங்கள் ஒரே மகளை நாலு வயதில் அதே குளத்தில் இறக்கிவிட்டவரும் அவர்தான். இப்போது அவளுக்கு இருபது. இன்னும் வீட்டில் பாப்பாதான்.

சினிமாவில் அவரை நிஜமாகவே கோபப்படுத்துவது ஒன்றுதான், தண்ணீரில் மூழ்கும் காட்சி. எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பருத்த ஆளை அந்தக் குளத்திலிருந்து இழுத்துப் போட்டுக் காப்பாற்றியிருக்கிறார். சுற்றிலும் பதினைந்து பேர் சிரித்துப் பேசிக்கொண்டு நீந்தியிருக்கிறார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. "மூழ்கறவன் 'காப்பாத்துங்க'ன்னு கத்த மாட்டான். மூச்சுக்கே வழியில்லாதவன் எப்படிக் கத்துவான்? கையை ஆட்டவும் மாட்டான். ரெண்டு கையும் பக்கவாட்டுல தண்ணிய அமுக்கிக்கிட்டே இருக்கும். தலை பின்னாடி சாயும், வாய் மேல வரும், உள்ள போகும். அவ்வளவுதான். சத்தமே இருக்காது. இதை எவனாவது ஒருத்தன் ஒழுங்கா எடுத்தா அவன் காலைத் தொட்டுக் கும்பிடுவேன்." இதைச் சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, விருந்தாளி வந்திருக்கும்போது என்று எத்தனை முறை கேட்டிருப்பேனோ, கணக்கே இல்லை.

அவர் காலைத் தொட வேண்டிய ஆள் ஒன்பது மாதத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தார்.

ஒரு படக்குழு அந்தக் குளத்தை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்தது. கதாநாயகி ஆற்றில் விழுந்துவிடுகிறாள். தூரத்துக் காட்சிகளை ஆற்றில் எடுத்துவிட்டார்கள், கிட்டத்துக் காட்சிகளை மட்டும் பத்திரமாகக் குளத்தில் எடுக்க வேண்டும். ஓடு தெரியாமலிருக்கப் பக்கச் சுவரெல்லாம் கறுப்புத் துணி தொங்கவிட்டார்கள். நடிகைக்கு நீச்சல் தெரியாது. அவருக்குப் பதிலாகக் குதிக்க வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். இயக்குநர் தலையில் கைவைத்து உட்கார்ந்தாராம். இவர் போய், "நம்ம பொண்ணு இருக்கா சார். அதே உயரம், மீன் மாதிரி நீந்துவா" என்று சொல்லிவிட்டு வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கோ தலைகால் புரியவில்லை.

நான் வீட்டிலேயே துணி தைப்பவள். கதாநாயகியின் கவுனை அவள் அளவுக்குப் பிடித்துக் கொடுக்கச் சொல்லி முந்தின நாளே அனுப்பிவிட்டார்கள். தரையைத் தொடும் நீளம், உள்ளே நாலு அடுக்கு. கீழ் ஓரத்தை மட்டும் வாளித் தண்ணீரில் நனைத்துத் தூக்கிப் பார்த்தேன், இரண்டு கையும் வலித்தது.

"என்னங்க, இது தண்ணி குடிச்சா கல்லுங்க. உள் அடுக்கு ரெண்டைப் பிரிச்சுடவா?"

"பிரிச்சா மிதக்கிற அழகு போயிடும்னு அவங்க துணிக்காரம்மா சொல்லிட்டாங்க. நான் கரையிலதானே நிக்கப் போறேன்? பதினேழு வருஷமா எதுக்கு அங்க நிக்கறேன்?"

அந்தப் பேச்சில் நான் அடங்கிப்போனேன். அவர் நிற்கிற இடத்தில் ஒன்றும் ஆகாது என்று மகள் நம்பினாள். சொல்லப்போனால் நானும் நம்பினேன்.

மறுநாள் மத்தியானம், தையல் பிரிந்தால் போட வேண்டுமே என்று ஊசி நூலோடு நானும் போனேன். எத்தனை பேர், எத்தனை வயர்! முதல் டேக்கில் பாப்பா இயக்குநர் சொன்னபடி கையைக் காலை ஆட்டி, "காப்பாத்துங்க!" என்று அலறினாள். 'கட்' சொன்னதும் இரண்டு எட்டில் கரைக்கு வந்து சிரித்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவருக்கோ பொறுக்கவில்லை. நேரே இயக்குநரிடம் போய்விட்டார்.

"தப்பா நினைக்காதீங்க சார். இப்படி யாரும் மூழ்க மாட்டாங்க."

இயக்குநர் சின்ன வயதுக்காரர், தலைக்கனம் இல்லாதவர். "அப்படியா அண்ணே? எப்படி மூழ்குவாங்க?" என்று கேட்டுவிட்டார். கேட்டாரே! எத்தனை வருடமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த மனுஷன். பக்கவாட்டில் கையை அமுக்கிக் காட்டினார், தலையைச் சாய்த்துக் காட்டினார், வாயைத் திறந்து மூடிக் காட்டினார். கேமராக்காரர்கூட எழுந்து வந்து கேட்டார். பாப்பா தண்ணீரில் நின்றபடியே அப்பாவைப் பார்த்துச் செய்து பழகினாள்.

உதவி இயக்குநர் ஒருவர் அவளிடம், "ஏதாவது கஷ்டமா இருந்தா கையைத் தூக்கிக் காட்டும்மா, உடனே நிறுத்திடுவோம்" என்றார். பாப்பா சரி என்றாள். பக்கத்திலேயே நின்ற இந்த மனுஷனும் தலையை ஆட்டினார். மூழ்குகிறவனால் கையைத் தூக்க முடியாது என்று அப்போதுதானே அத்தனை பேருக்கும் பாடம் நடத்தினார்? அந்தத் தலையாட்டலை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாவது டேக் நன்றாகத்தான் வந்தது, ஆனால் கேமராவில் முகம் மங்கிவிட்டதாம். "இன்னும் ஒண்ணு" என்றார்கள். பாப்பாவுக்கு லேசாக மூச்சு வாங்கியது. "முடியுமாடி?" என்றேன். "சும்மா இரும்மா" என்றாள். ஒலிப்பதிவுக்காரர் எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொன்னார். 'ஆக்‌ஷன்' என்றார்கள்.

அவள் நடுக்குளத்துக்குப் போனாள். தலை பின்னால் சாய்ந்தது. வாய் மேலே வந்தது, உள்ளே போனது. கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கின. முடி முகத்தில் ஒட்டியது, அவள் ஒதுக்கவில்லை. எங்களைப் பார்த்தபடிதான் இருந்தாள். குளத்தைச் சுற்றி நாற்பது பேர் மூச்சுவிடாமல் நின்றோம். இயக்குநர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். இவர் என் காதோரம், "பாரு, பாரு, இதுதான்! இதைத்தான் நான் சொன்னேன்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. எங்கள் கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "என்னங்க, அவ நடிக்கத்தானே செய்யறா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் கண்ணை எடுக்காமல் விரலை உதட்டில் வைத்தார். "ஷ்ஷ். சத்தம் பதிவாகும்."

நானும் வாயை மூடிக்கொண்டேன். பெற்றவள் நான். இத்தனை பேர் வேலை என்னால் கெட்டுவிடக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டேன். எத்தனை விநாடி என்று தெரியாது. பத்தா, பதினைந்தா? அந்த நேரத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவள் முகத்தை அல்ல, தண்ணீரை. முதல் இரண்டு தடவையும் கவுன் அவளைச் சுற்றி விரித்த குடை மாதிரி மிதந்தது. இப்போது தண்ணீருக்கு மேலே ஒரு முழம் துணிகூட இல்லை. நாலு அடுக்கும் எங்கே?

"கவுன் எங்கங்க?"

இந்தத் தடவை நான் கத்தியிருக்கிறேன். ஒலிப்பதிவுக்காரர் காதிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு என்னை முறைத்தது ஞாபகம் இருக்கிறது. இவர் தண்ணீருக்குள் குனிந்து பார்த்தார். நாலு அடுக்கும் அவள் கால் இரண்டையும் சேர்த்துச் சுற்றிக் கட்டுப் போட்டதுபோல் இறுகிக் கிடந்தது. சிரிப்பு முகத்திலிருந்து போவதற்குள் அவர் குதித்துவிட்டார். செருப்போடு, பாக்கெட்டில் இருந்த போனோடு.

அவர் போய்ச் சேர்வதற்குள் அவள் தலை உள்ளே போய்விட்டது. பிறகு வரவில்லை. நான் கரையில் மண்டியிட்டு எதையோ கத்தினேன், என்ன கத்தினேன் என்று எனக்கே கேட்கவில்லை. அவர் மேலே வந்தார், அவள் முகவாய் அவர் கையில். துணியின் கனம் இருவரையும் கீழே இழுத்தது, மறுபடி இருவரும் உள்ளே போனார்கள். அப்புறம்தான் விளக்குத் தூக்கும் ஆட்கள் இரண்டு பேர் குதித்தார்கள். கரையில் போட்டபோது அவள் உதடு நீலமாக இருந்தது. இவர் அவளைப் புரட்டினார், அழுத்தினார், வாயில் வாய் வைத்து ஊதினார். "வா பாப்பா, வாடா, வாடா" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. எத்தனையாவது ஊதலிலோ அவள் உடம்பு தூக்கிப்போட்டது. தண்ணீராகக் கக்கினாள், இருமினாள். அந்த இருமலைக் கேட்டதும் நான் அங்கேயே தரையில் சரிந்துவிட்டேன்.

அதுவரை யாரும் 'கட்' சொல்லவில்லை. கேமரா பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மருத்துவமனையில் நெஞ்சைப் பரிசோதித்துவிட்டு டாக்டரம்மா, "நுரையீரலுக்குள்ள தண்ணி போயிருக்கு. நாளைக்குக் காலை வரைக்கும் நிச்சயமா எதுவும் சொல்ல முடியாது. மூச்சுத் திணறினா உடனே கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! நான் கட்டிலை ஒட்டி உட்கார்ந்து அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே எண்ணிக்கொண்டிருந்தேன். ஏறியது இறங்கக் கொஞ்சம் தாமதமானாலும் என் மூச்சு நின்றது. இவர் ஈர உடுப்போடு கால்மாட்டில் நின்றார். நாற்காலி இருந்தது, உட்காரவில்லை.

சாயங்காலம் பாப்பா கண்ணைத் திறந்தாள். இவர் குனிந்து, "அப்பா பக்கத்துலதான்டா இருந்தேன்" என்றார்.

"தெரியும்ப்பா." தொண்டை கரகரத்தது, விட்டுவிட்டுப் பேசினாள். "உன்னையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன். கையைத் தூக்கலாம்னு பார்த்தேன், வரல. சரி, அப்பாதான் பார்த்துக்கிட்டிருக்காரே, வந்துடுவாருன்னு நினைச்சேன்."

கொஞ்சம் இருமினாள். நான் எழுந்தேன், வேண்டாம் என்று கையசைத்தாள்.

"நீ சிரிச்சுக்கிட்டிருந்தேப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். இவர் கட்டில் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அன்று அவர் மேல் எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். கேட்க வாய் வரவில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்ற என்னை அவள் பார்க்கவில்லை போலிருக்கிறது. சந்தேகம் வந்த பிறகும் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்பதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.