கருப்பட்டி ஐஸ்கிரீமும் ஓரகத்தியின் வெள்ளைத் தூளும்

அன்றைக்கு வீட்டில் இருந்தது நாலே பேர். நான், என் வீட்டுக்காரர், கூடலூரிலிருந்து வந்திருந்த என் கொழுந்தன், அவர் மனைவி. எனக்கு ஓரகத்தி, ஒன்பது வயது இளையவள். அவள் டிகிரி முடித்தவள், நான் எட்டாவதோடு நின்றவள்.

வீட்டுக்காரருக்குச் சுகர் என்று தேனி ஆஸ்பத்திரியில் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவர் கால் விரலில் கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். அவருக்கோ ஒரே ஏக்கம், ஐஸ்கிரீம். முந்தின மாதம் ஓரகத்தி சீனிக்குப் பதிலாக ஏதோ வெள்ளைத் தூள் போட்டுச் செய்து ஒரு டப்பாவில் கொண்டுவந்தாள். ஒரு வாய் வைத்தவர், "இத்தன நாளும் இத எங்கன தாயி வச்சிருந்த?" என்று அவளிடம் கேட்டார். இருபத்திரண்டு வருஷம் பொங்கிப் போட்ட எனக்கு அப்படி ஒரு வார்த்தை கிடைத்ததில்லை.

அந்த வார்த்தைக்காகத்தான் நானும் இறங்கினேன். சீனித்துளசிப் பொடி போட்டேன், கசப்பு தொண்டையிலேயே நின்றது. பேரீச்சம்பழம் அரைத்தேன், களி மாதிரி வந்தது. அவளிடம் என்ன தூள் என்று கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. கடைசியில் கருப்பட்டி என்று முடிவு கட்டினேன். வெள்ளைச் சீனிதான் ஆகாது, கருப்பட்டி ஒன்றும் செய்யாது என்று எங்கள் பக்கம் சொல்லாத ஆள் இல்லை.

அன்றைக்கு அவள் மறுபடி கொண்டுவந்ததும் நான் செய்ததுமாக இரண்டு டப்பாவையும் மேசையில் வைத்தோம். அவளுடையது பாறையாக உறைந்திருந்தது. குத்தியதில் கரண்டி வளைந்தது.

"மதினி, கடப்பாரை கெடக்கா?" என்றார் கொழுந்தன்.

அந்தத் தூள் போட்டால் அப்படித்தான் இறுகும், பத்து நிமிஷம் வெளியே வைக்கணும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்? தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் போட்ட என்னுடையது வெண்ணெயாக வழிந்தது. வீட்டுக்காரர் மூன்று கிண்ணம் சாப்பிட்டார். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்து எனக்கு வயிறு நிறைந்தது.

அவள் மெதுவாக என் பக்கம் வந்தாள். "அக்கா, கருப்பட்டியும் சக்கரதான்க்கா. ரெண்டு மணி நேரம் கழிச்சு அத்தானுக்குச் சுகர் குத்திப் பாத்துருங்க."

"ஒனக்குப் பொறாம, தாயி," என்றேன், எல்லோரும் கேட்க.

ஆனாலும் பயம் விடவில்லை. நேரம் பார்த்துக்கொண்டே இருந்து குத்திப் பார்த்தேன். மிஷினில் முந்நூற்றுப் பதினெட்டு. அவள் ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை. அவரைத் தண்ணீர் குடிக்க வைத்து, டாக்டருக்குப் போன் போட்டு, அவர் சொன்னதையெல்லாம் காகிதத்தில் எழுதி என்னிடம் கொடுத்தாள். எழுதியதும் தமிழில், எனக்காக. அதுதான் எனக்கு ரொம்ப எரிந்தது.

கிளம்பும்போது பையிலிருந்த அந்தத் தூளின் புதுப் பாக்கெட்டை அடுப்படியில் வைத்துவிட்டுப் போனாள். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தூளில்தான் செய்கிறேன், பத்து நிமிஷம் வெளியே வைத்துத்தான் கொடுக்கிறேன். "அவ செஞ்ச மாதிரியே இருக்கு," என்கிறார் வீட்டுக்காரர்.

பாக்கெட்டுக்குக் காசு கொடுக்கப் போனால் அவள் முகத்தைப் பார்த்து அன்றைக்குப் பொறாமை என்று சொன்னதற்கும் பதில் சொல்லணும். பாக்கெட்டில் போட்டிருந்த விலை அறுநூற்று நாற்பது ரூபாய். அந்தப் பாக்கி அப்படியே நிற்கிறது.