நவமியன்று வைக்காத மாத்திரை

திருநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள் நான். இனப்பெருக்கப் பாடத்தைப் புத்தகம் பார்க்காமல் நடத்துவேன். அப்பேர்ப்பட்டவள் செய்த கூத்து இது.

எங்களுக்கு ஆஸ்பத்திரி லேபில் ஒரே நாளில் இரண்டு கருக்கள் உருவாகி, இரண்டையும் அங்கேயே உறைய வைத்திருந்தார்கள். முதலில் கருப்பையில் வைத்தது ஐந்தாம் மாதம் வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போனது. மிச்சம் ஒன்றுதான். மூன்று வருடமாக அது நைட்ரஜன் டாங்கில் கிடந்தது. கூட உருவானது வளர்ந்து, செத்து, அதைப் புதைத்தும் ஆயிற்று. இதற்கு இன்னமும் உறைய வைத்தபோது இருந்த அதே ஐந்து நாள் வயதுதான். 

டாக்டரம்மா கணக்கைத் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். வியாழன் மாலை ஏழு மணிக்கு, கருப்பையைப் பக்குவப்படுத்தும் முதல் மாத்திரையை உள்ளே வைக்க வேண்டும். அதிலிருந்து கருப்பையும் ஐந்து நாளை எண்ணும். செவ்வாய் மதியம் பன்னிரண்டரைக்குக் கருவை வைப்பார்கள். இரண்டுக்கும் வயது ஒத்துவந்தால்தான் ஒட்ட வழியுண்டு.

வியாழன் நவமி. பழைய காலண்டரைப் புரட்டினேன். போன தடவை ஆரம்பித்ததும் நவமியில்தான். ஒரு நாளில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று நானே முடிவுகட்டினேன். ஏழு மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்து, மாத்திரை டப்பாவைப் பார்த்துவிட்டு அப்படியே மூடினேன். மூடியதும் ஃபிரிட்ஜின் மோட்டார் நின்றது. வீடு அடங்கிப்போனது. உள்ளே ஏதோ ஒன்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றியது.

மறுநாள் தசமி. ஏழு மணிக்கு மாத்திரையை வைத்தேன். மறுபடியும் மோட்டார் நின்றது. சனி, ஞாயிறு, திங்களும் அதே ஏழு மணி. பழைய ஃபிரிட்ஜ் அப்படித்தான் என்றார் என் வீட்டுக்காரர். வியாழனே வைத்துவிட்டதாக அவரிடம் புளுகியிருந்தேன்.

செவ்வாய் காலை ஆஸ்பத்திரியில் என் கட்டிலருகே லேப் பெண் வந்தார். கருவை டாங்கிலிருந்து எடுக்குமுன் பெயரைச் சரிபார்த்து, முதல் மாத்திரை எப்போது என்று கேட்டார். வியாழன் ஏழு மணி என்றேன். அவர் திரும்பி நடந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அதுவரை ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு மோட்டார் நின்றது.

நவமியன்று ஃபிரிட்ஜை மூடியதும் வந்த அதே அமைதி. 

"எடுக்காதீங்க," என்று எழுந்து உட்கார்ந்தேன். "வெள்ளிக்கிழமைதான் வச்சேன்."

டாக்டரம்மாவிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். வீட்டுக்காரர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. கடைசியில் டாக்டரம்மா, "வெளிய எடுத்து உருக்கியிருந்தா அம்புட்டுதான். நாளைக்கு அதே பன்னிரண்டரைக்கு வா. சரியா வச்சாலும் ஒட்டும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது" என்றார். நாளை புதன். பன்னிரண்டரை சுத்தமான ராகுகாலம். வாயைத் திறக்காமல் தலையாட்டினேன்.

ஒட்டியது. மகளுக்கு இப்போது மூன்று வயது. பயந்துபோய் ஃபிரிட்ஜைக்கூட மாற்றிவிட்டேன். புதியதும் சில நாள் ஏழு மணிக்கு நிற்கிறது. அப்போதெல்லாம் அவள் விளையாட்டை விட்டுவிட்டுத் தலையைத் தூக்குவாள். அவளிடம் நான் எதையும் சொன்னதில்லை. நேற்று எழுந்துபோய் ஃபிரிட்ஜ் கதவில் காதை வைத்துக் கேட்டாள்.

"உள்ள யாரும்மா இருக்கா?"

 அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.

"யாருமில்லத்தா," என்றேன். "நீதான் கடைசி."